இளைக்க ஆசைப்பட்டு எலும்பை இளைக்க விடலாமா?



நான் இராஜபாளையத்தில் வசிக்கும் சாதாரண குடும்பத் தலைவி. வயது நாற்பத்து மூன்று. இதற்கு முன் இந்தப் பக்கத்துக்கு ஊறுகாய் கெடாமல் இருக்க வழி, பழைய சேலையில் தலையணை உறை என்று இரண்டு மூன்று குறிப்புகள் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை எழுதுவது குறிப்பு அல்ல. நான் செய்த ஒரு தப்பை உங்கள் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் இருக்கிறது. நீர்காத்த அய்யனார் என்று சொல்வோம். கோவிலை ஒட்டி ஆறு, மேலே போனால் அருவி, சுற்றிலும் காடு. மழை பெய்து தண்ணீர் வந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், ஊரில் பாதிப் பேர் சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் குடும்பத்தோடு சேர்ந்து போனோம். புளியோதரை, தயிர்ச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் நான்தான் செய்து எடுத்துப் போயிருந்தேன்.

சாமி கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். என் மதினிக்கு (அண்ணன் மனைவி) தயிர்ச்சாதம் என்றால் உயிர். அன்றைக்கு நான் இலையில் வைக்கப் போனபோது கையை நீட்டித் தடுத்துவிட்டார். "வேண்டாம்மா. பால், தயிர், மோர் எல்லாத்தையும் விட்டு எட்டு மாசம் ஆச்சு. நீதானே சொன்ன!" என்று சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மதினி எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருந்தார். பழைய ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துத் தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பாசி பிடித்த கல்லில் கால் வைத்த மதினி லேசாக வழுக்கினார். விழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. கையை ஊன்றி அப்படியே உட்கார்ந்தார், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் அதே இடத்தில் நாலு தடவை விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டு ஓடின. மதினிக்கோ வலது மணிக்கட்டு இரண்டாகிவிட்டது!

மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் கேட்ட முதல் கேள்வியே எங்களைத் திகைக்க வைத்தது. "எவ்வளவு உயரத்தில் இருந்து விழுந்தீங்க?" என்றார். "நின்ன இடத்திலேயே வழுக்கினேன் சார்" என்றார் மதினி. "நின்ற உயரத்தில் இருந்து விழுந்து எலும்பு முறியுதுன்னா, கல்லுமேல மட்டும் பழி போடக்கூடாதும்மா. எலும்பையும் பார்க்கணும்" என்று சொல்லி, எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். மதுரைக்குப் போய் எடுத்து வந்தோம். அந்த ஸ்கேனில் 'டி ஸ்கோர்' என்று ஒரு எண் வருகிறது. அது மைனஸ் 1-க்குக் கீழே போனால் எலும்பு மெலிய ஆரம்பித்துவிட்டது என்றும், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை நோய் என்றும் அர்த்தமாம். உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த கணக்கு இது. மதினியின் எண் மைனஸ் 2.5-ஐத் தாண்டிவிட்டது. அவருக்கு வயது நாற்பத்தெட்டுதான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், "பாலை நிறுத்துங்க மதினி, உடம்பு தானா இறங்கும்" என்று சொன்னது யார்? நான்தானே!

எனக்கு மட்டும் யார் சொன்னது? காலையில் நடக்கப் போகும்போது கூட வருகிறவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு வேறு யாரோ சொன்னார்கள். பால் குடித்தால் சதை போடும், தயிர் சாப்பிட்டால் தொப்பை வரும் என்று ஆளுக்கொன்று பேசுவோம். எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு இன்னும் சுலபமாக எடுபடும். ஏனென்றால் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா ஊர்! பெரிய வாணலியில் பாலும் சர்க்கரையும் கொதித்துக் கொதித்துச் சுண்டுவதைச் சின்ன வயதில் இருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பாலென்றாலே எங்கள் கண்முன் வருவது அந்த வாணலிதான். விருந்தாளி வந்தால் பால்கோவா, கல்யாணம் பேசி முடித்தால் பால்கோவா, பிள்ளை பாஸ் பண்ணினால் பால்கோவா. தின்று தின்று சதை போட்டுவிட்டுக் கடைசியில் பழியைப் பால்மேல் போட்டுவிட்டோம்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரையெல்லாம் வற்றவிட்டு, சர்க்கரையைக் கொட்டிக் கிளறினால் பால்கோவா. ஒரு கைப்பிடி பால்கோவாவில் எத்தனை டம்ளர் பாலும் எத்தனை கரண்டிச் சர்க்கரையும் ஒளிந்திருக்கின்றன! அதைத் தின்று ஏறிய எடைக்குக் காலையில் குடிக்கும் ஒரு டம்ளர் பாலைத் தண்டிப்பது என்ன நியாயம்?

மதினிக்குக் கை கூடும் வரை அவர் வீட்டுக்குப் போய் ஒத்தாசை செய்துகொண்டிருந்தேன். அந்த நாட்களில், டாக்டரிடமும் அங்கே இருந்த உணவு ஆலோசகர் அம்மாவிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் பால் பாக்கெட் கணக்கு. கடையில் நிறைகொழுப்புப் பால் என்று விற்பதில் 6 சதவீதம் கொழுப்பு. ஆவினில் அது ஆரஞ்சு பாக்கெட். சமன்படுத்திய பால் என்பதில் 3 சதவீதம்தான். ஆவினில் நீல பாக்கெட். இருமுறை சமன்படுத்திய பால் என்று ஒன்று உண்டு. அதில் ஒன்றரை சதவீதம்தான் கொழுப்பு. 300 மில்லி நிறைகொழுப்புப் பாலில் சுமார் 260 கலோரி இருக்கிறது. அதே அளவு சமன்படுத்திய பாலில் சுமார் 175 கலோரிதான். சுண்ணாம்புச் சத்து மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே! ஏனென்றால் கால்சியம் இருப்பது கொழுப்பில் இல்லை. பாலின் தண்ணீர்ப் பகுதியிலும் புரதத்திலும் கலந்திருக்கிறது. ஆடையை எடுத்துவிட்டால் கொழுப்பும் அதில் கரைந்திருக்கும் சில வைட்டமின்களும் போகுமே தவிர, கால்சியம் போவதில்லை. இது தெரியாமல் இத்தனை வருஷம் அடுப்படியில் நின்றேனே என்று இருந்தது.

இப்போது காப்பிக் கணக்கைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு காப்பி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் 5 கிராம் என்றால் மொத்தம் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. மதினி பாலை நிறுத்தினாரே தவிர சர்க்கரையை நிறுத்தவில்லை. கடுங்காப்பியாகப் போட்டு, கசக்கிறது என்று ஒரு கரண்டி கூடவே போட்டுக்கொண்டார்! சாயந்திரம் டிவி முன்னால் உட்கார்ந்தால் ஒரு கிண்ணம் மிக்சர். நூறு கிராம் மிக்சரில் 500 கலோரியை ஒட்டி இருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாலைக் குறைத்தோம். அப்புறம் எடை எப்படிக் குறைந்தது என்று கேட்பீர்கள். ராத்திரிச் சாப்பாட்டையே மதினி நிறுத்திவிட்டார். பட்டினியில்தான் எடை குறைந்தது. பெயர் மட்டும் பாலுக்கு!

அடுத்தது எலும்பின் கணக்கு. இதுதான் எனக்கு அதிர்ச்சி. நாம் உடம்பு இளைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லையாம். கொஞ்சம் தசையும் கரைகிறது, கொஞ்சம் எலும்பும் கரைகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், இடுப்பு போன்ற இடங்களில் எலும்பின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை குறையலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சுமக்க வேண்டிய பாரம் குறைந்ததும் எலும்பும், 'இவ்வளவு பலம் எதற்கு?' என்று மெலிந்துவிடுகிறது போலும்.

இதோடு மாதவிடாய் நிற்கும் வயதும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டாம். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதிலேயே அது நின்றுவிடுகிறது. அதன்பின் முதல் ஐந்து முதல் ஏழு வருஷங்களில் மட்டும் எலும்பு அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடக்கூடும். எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்துவிடுவதுதான் காரணம். மதினிக்கு மாதவிடாய் நின்று மூன்று வருஷம். வயதால் ஒரு பக்கம் தேய்மானம், பட்டினியால் இன்னொரு பக்கம் தேய்மானம். அந்த நேரம் பார்த்துக் கால்சியம் வருகிற வாசலையும் நாங்கள் அடைத்துவிட்டோம். ரத்தத்துக்குக் கால்சியம் வேண்டும், இதயத்துக்கு வேண்டும், நரம்புக்கு வேண்டும். சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு எங்கே போய் எடுக்கும்? எலும்பிலிருந்துதான். சம்பளம் வராத மாதம் பீரோவில் இருக்கும் நகையை அடகு வைப்பதுபோல.

எட்டு மாதம் பால் குடிக்காததால் மட்டுமே எலும்பு இப்படி ஆகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. இது பல வருஷமாக நடந்துகொண்டிருந்திருக்கும், கடைசி எட்டு மாதம் அதற்கு ஒத்தாசை செய்தது என்றுதான் சொன்னார். அந்த ஒத்தாசையைச் செய்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதுதான் என் வருத்தம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கால்சியம் தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அளவுப்படி, வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் 1000 மில்லிகிராம். மாதவிடாய் நின்றவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 1200 மில்லிகிராம். 100 மில்லி பசும்பாலில் 120 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 300 மில்லி பால் அல்லது தயிர் என்று சொல்கிறார்கள். அதில் 360 மில்லிகிராம் கிடைத்துவிடும். மீதியைச் சாப்பாட்டில் தேட வேண்டும்.

"பாலே இல்லாமல் முடியாதா? எங்க அப்பத்தா பால் குடிச்சா அறுபது வருஷம் களை எடுத்துச்சு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அப்பத்தா கேழ்வரகுக் களி சாப்பிட்டார். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை பறித்துச் சமைத்தார். எள்ளுருண்டை தின்றார். நெத்திலியை முள்ளோடு மென்றார். வெயிலில் வேலை செய்தார், தலையில் சுமை தூக்கினார். நாம் அப்பத்தாவின் களியையும் விட்டோம், வெயிலையும் விட்டோம், சுமையையும் விட்டோம். மிச்சம் இருந்தது பால் ஒன்றுதான். அதையும் விட்டால் எப்படி?

கீரையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பசலைக் கீரை வகையில் கால்சியம் இருந்தாலும், அதிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாலில் உள்ள கால்சியத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு போல உடம்பில் சேர்கிறது என்றால், பாலக்கீரையில் இருந்து ஐந்து பங்குதான் சேருமாம். ஆகவே புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒன்றையே நம்பாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இப்படிச் சொல்வதால் நான் பாலுக்கு விளம்பரம் செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பாலைக் குடித்தால் கொழுப்பு கரையும் என்று சொல்வதும் தப்புதான். அமெரிக்காவில் பால் வியாபாரத்துக்காக, பால் பொருட்கள் சாப்பிட்டால் எடை குறையும் என்று கொஞ்ச காலம் விளம்பரம் செய்தார்கள். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று புகார் போய், 2007-ல் அந்த விளம்பரங்களை நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. சாப்பாட்டைக் குறைக்காமல் பாலை மட்டும் கூடுதலாகக் குடித்தால் எடை குறைவதில்லை. மொத்தச் சாப்பாட்டை அளவாக வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குள் பாலும் தயிரும் இருந்தால் எடை குறைவதற்குத் தடையில்லை, தசை கரைவதும் கொஞ்சம் குறைகிறது என்பதுதான் ஆராய்ச்சிகளில் தெரிந்த விஷயம்.

அதேபோல் பாலைக் குடம் குடமாகக் குடித்தால் எலும்பு இரும்பாகிவிடும் என்பதும் இல்லை. ஸ்வீடனில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருஷம் கவனித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு மூன்று டம்ளரும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு எலும்பு முறிவு குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்டிவிட முடியாது என்றாலும், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னது பாலுக்கும் பொருந்தும். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அளவாகக் குடிக்கும் பாலை, எடைக்குப் பயந்து அடியோடு நிறுத்தாதீர்கள்.

இனி நான் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். நம் வீடுகளில் பாலை முதலில் நிறுத்துகிறவர் ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறார்?

ஒரு லிட்டர் பால் வாங்குகிறோம். பிள்ளைகளுக்கு டம்ளர் நிறைய. கணவருக்கு டிகாக்‌ஷன் காப்பி. மாமனாருக்கு ராத்திரி மாத்திரையோடு ஒரு டம்ளர். விருந்தாளி வந்தால் அவருக்கு. எல்லாம் போக, பாத்திரத்தை அலம்பி ஊற்றின மாதிரி ஒரு வெள்ளைத் தண்ணீர் நமக்கு. அதிலும், "எனக்குப் பாலே பிடிக்காது" என்று ஒரு பொய்! என் அம்மா அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எழுபது வயதில் கூன் விழுந்த பிறகுதான், அவருக்குப் பால் பிடிக்காமல் இல்லை, பங்கு வராமல்தான் இருந்தது என்று எனக்கு உறைத்தது.

எங்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் மாடு வளர்க்கும் பெண்களைப் பாருங்கள். விடியற்காலையில் சாணி அள்ளி, தீவனம் வைத்து, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, வீட்டில் கடுங்காப்பி குடிப்பார்கள். அவர்கள் கறந்த பால் பால்கோவாவாகி எந்தெந்த ஊருக்கோ போகிறது. அவர்கள் வீட்டுப் பெண் குழந்தைக்கு ஒரு டம்ளர் ஒதுக்குவதற்கு மனசு வருவதில்லை. வறுமை ஒரு காரணம்தான். ஆனால் ஆண்பிள்ளைக்கு மட்டும் ஒரு டம்ளர் எப்படியோ மிஞ்சுகிறதே!

இப்படி ஏற்கெனவே பாதிப் பங்கில் இருக்கிற நாம், உடம்பு இளைக்க வேண்டும் என்றதும் அந்தப் பாதியையும் விட்டுக்கொடுத்துவிடுகிறோம். அதற்கு டயட் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் தின்று மிஞ்சின தோசையைத் தட்டில் இருந்து எடுத்துத் தின்பதை டயட்டில் விடுகிறோமா? வீணாகிவிடுமே என்று வழித்துப் போட்டுக்கொள்கிற மிச்சச் சோற்றை விடுகிறோமா? நமக்கென்று இருக்கிற ஒரு டம்ளரை மட்டும் சுலபமாக விட்டுவிடுகிறோம். விட்டுக்கொடுத்தே பழகிய கை அல்லவா!

இதில் எனக்குப் பெரிய பயம் என் மகளைப் பற்றித்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "அம்மா, பால் குடிச்சா குண்டாயிடுவேன்" என்று டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறாள். காலைச் சாப்பாடும் இல்லை. முப்பது வயதை ஒட்டிய காலம் வரைதான் எலும்பு சேமிப்பு செய்யுமாம். அதன்பின் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை. இந்த வயதில் சேர்க்காத எலும்பை ஐம்பது வயதில் எந்தக் கடையில் வாங்குவது? மதினியின் எக்ஸ்ரே படத்தை என் மகளிடம் காட்டினேன். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. படத்தை மட்டும் காட்டினேன். மறுநாள் காலையில் அவளாகவே, "சர்க்கரை போடாமத் தாம்மா" என்று டம்ளரை நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் செய்துவருவதைச் சொல்கிறேன். உங்களுக்கு எது ஒத்துவருமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சமன்படுத்திய பால்தான் வாங்குகிறோம். காய்ச்சி ஆறியபின் ஆடையை எடுத்துவிடுகிறோம். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர், ஒவ்வொன்றும் 150 மில்லி, சர்க்கரை கிடையாது. முதல் வாரம் மருந்து மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மதியம் ஒரு கிண்ணம் தயிர். வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகு, இரண்டு நாள் முருங்கைக்கீரை. நாலு காப்பி இரண்டாகிவிட்டது. மிக்சர் டப்பா பரணுக்குப் போய்விட்டது. பால்கோவாவை அறவே விட்டோம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைச் சேவித்துவிட்டு வரும்போது வாங்கத்தான் செய்கிறோம். ஆனால் ஆளுக்கு ஒரு ஸ்பூன், அன்றைக்கு மட்டும்!

பால் குடித்தால் வயிறு பொருமுகிறது, வாய்வு, கழிச்சல் என்று சிலருக்கு வரும். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை அவர்களுக்குச் செரிப்பதில்லை. நம் தென்னாட்டில் இது நிறையப் பேருக்கு உண்டு. அவர்கள் மல்லுக்கட்ட வேண்டாம். தயிராக்கிச் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீர் மாதிரிக் கரைத்த நீர்மோரைக் குடித்துவிட்டுக் கால்சியம் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். போட்ட தயிர் அளவுக்குத்தான் சத்து. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பாலோடு விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

வெயிலை மறந்துவிடாதீர்கள். வைட்டமின் டி இல்லாவிட்டால் சாப்பிட்ட கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. காலை ஆறு மணி இளவெயிலில் நின்றால் டி கிடைக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வெயிலில் அது அநேகமாகக் கிடைப்பதில்லையாம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரம்தான் சரி. வடகமும் வற்றலும் காயப்போட மொட்டை மாடிக்குப் போகிறோமே, அப்போது கையையும் காலையும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டிவிட்டு வந்தால் போதும். நடப்பதும் மாடிப்படி ஏறுவதும் எலும்புக்கு வேலை கொடுக்கும். வேலை கொடுத்தால்தான் எலும்பு பலமாக இருக்கும்.

மதினிக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. டாக்டர் கொடுத்த மருந்தும் சாப்பிட்டு வருகிறார். எடை ஒரு கிலோ ஏறி, இப்போது நின்றுவிட்டது. "ஏறினா ஏறட்டும், நடக்க முடியுதே" என்கிறார். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டபோது, "நீயும் நல்லதுக்குத்தானே சொன்ன. இனிமே யாருக்கும் சொல்றதுக்கு முன்னால நாலு பேர்கிட்ட கேட்டுச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெருந்தன்மைதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

சகோதரிகளே! இளைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது அவசியமும்கூட. ஆனால் எதை விடுகிறோம் என்று பார்த்து விட வேண்டும். சர்க்கரையை விடுங்கள், எண்ணெய்ப் பலகாரத்தை விடுங்கள், ஆடையை விடுங்கள், தட்டில் மிஞ்சினதை வழித்துத் தின்பதை விடுங்கள். உங்கள் பங்குப் பாலை மட்டும் விடாதீர்கள். நாளைக் காலையில் பால் காய்ச்சியதும் முதலில் உங்கள் டம்ளரில் ஊற்றி ஓரமாக மூடி வைத்துவிட்டு, அப்புறம் மற்றவர்களுக்குக் காப்பி போடுங்கள். வீடு ஒன்றும் இடிந்துவிடாது.

இதை வாசிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி படுக்கப் போகும்முன் உங்கள் மனைவியிடம், "நீ பால் குடிச்சியா?" என்று ஒரு தடவை கேளுங்கள். எலும்புக்கு அது மருந்தாகாவிட்டாலும் மனசுக்கு ஆகும்.

அடுத்த மழைக்கு அய்யனார் கோவிலுக்குப் போவதாக இருக்கிறோம். தயிர்ச்சாதம் இரண்டு பங்காகக் கட்டச் சொல்லி மதினி இப்போதே உத்தரவு போட்டுவிட்டார்!

இப்படிக்கு,
ஒரு குடும்பத் தலைவி,
இராஜபாளையம்.